மரம் காயவில்லை

பிப்ரவரி 3

ஓய்வு பெற்றுப் பதினான்கு மாதம் கழித்து எனக்கு மறுபடியும் வேலை கிடைத்திருக்கிறது. கொடுத்தவள் என் மனைவி.

"உங்களுக்குத் தெரிஞ்ச ஒரே வேலை மீட்டர் பாக்கிறது. அதையே செய்யுங்க" என்று சொல்லி, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கருவி ஒன்றைக் கையில் வைத்தாள். நுனியில் இரண்டு ஊசி. மரத்தில் குத்தினால் உள்ளே எவ்வளவு ஈரம் இருக்கிறதென்று எண் காட்டும். படகின் உடம்பில் ஒன்பது இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டிருக்கிறாள். தினமும் காலையில் ஒன்பதையும் குத்திப் பார்த்து, எது அதிகமோ அதைப் பின்கதவுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கும் கரும்பலகையில் எழுத வேண்டும். மூன்று நாள் தொடர்ந்து பதினைந்துக்குக் கீழே நின்றால், தண்ணீர் உள்ளே போகாதபடி மரத்துக்கு எபாக்சிப் பிசின் பூசலாம். பூசி ஒரு வாரத்தில் ஏரியில் இறக்கிவிடலாம். அவசரப்பட்டு ஈரத்தோடு பூசினால் உள்ளே மாட்டிக்கொண்ட தண்ணீர் பலகையை உள்ளிருந்தே தின்றுவிடுமாம்.

படகு இருபதடி. ஒற்றைப் பாய்மரம். இரும்புக் கடைக்குப் பின்னால் குப்புறக் கிடந்ததைப் போன வருஷம் இவள் கண்டுபிடித்து, லாரியில் ஏற்றி, எங்கள் பின்பக்கத்து முற்றத்தில் கான்கிரீட் கட்டைகள்மேல் உட்கார வைத்தாள். பெயர் பெரியம்மா. பெருத்த இடுப்பு, எங்கே தொட்டாலும் முனகல், வந்தால் கிளம்புகிற எண்ணமே இல்லை என்று பெயருக்குக் காரணமும் சொன்னாள்.

பெரியம்மாவுக்கு இன்று 26.

பிப்ரவரி 9

24.

பழைய பெயின்ட் சுரண்டல் முடிந்தது. தூசி அவளுக்கு ஆகாது என்பதால் சுரண்டியது முழுக்க நான். பின்னறையில் கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டிருக்கிறோம். அங்கிருந்து படகும் தெரியும், கரும்பலகையும் தெரியும், நான் ஏமாற்றி உட்கார்ந்திருப்பதும் தெரியும். "அங்க ஒரு திட்டு விட்டுட்டீங்க" என்று குரல் மட்டும் வரும்.

பலகை இடுக்குகளில் பஞ்சுத் திரி திணிப்பதை மட்டும் யாருக்கும் விடமாட்டேன் என்கிறாள். காலையில் பத்து நிமிஷம் மரச்சுத்தியலால் தட்டுவாள். பிறகு அரைமணி மூச்சு வாங்குவாள். பிறகு இன்னொரு பத்து நிமிஷம்.

இவளும் இவள் தங்கையும் இதே ஏரியில் வளர்ந்தவர்கள். அப்பாவுக்குச் சொந்தப் படகு. நடக்கிற வயசிலேயே சுக்கான் பிடித்தவர்களாம். அப்புறம் கல்யாணம், குழந்தை, பள்ளிக்கூட ஆய்வகத்தில் முப்பது வருஷம் குடுவை கழுவுகிற வேலை. கட்டிக்கொண்டதோ குளியலறை வாளியைப் பார்த்தே ஆழம் விசாரிக்கிற என்னை. இத்தனை வருஷம் ஒருநாள்கூட அவள் தண்ணீரில் போகவில்லை. நான் போக வேண்டாமென்று சொன்னதில்லை. போவோமா என்றும் கேட்டதில்லை.

நவம்பரில் டாக்டர் அவளுடைய நுரையீரல் படத்தை விளக்கில் மாட்டிவிட்டு, "இனி மாசக்கணக்குதான்" என்றார். "எத்தனை மாசம்னு சொல்லுங்க, எனக்குப் படகு வேலை கிடக்கு" என்று கேட்டாள் இவள். அவர் என்னைப் பார்த்தார். நான் படத்தைப் பார்த்தேன்.

பிப்ரவரி 17

22. மருத்துவமனை நாள்.

அவளுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தபோது டாக்டர் என்னை வராந்தாவுக்கு அழைத்தார். "எதிர்பார்த்ததைவிட நல்லா தாக்குப்பிடிக்கிறாங்க. என்ன செய்றாங்க வீட்டுல?" படகைச் சொன்னேன். சிரித்தார். "அதுதான். அந்த வேலைதான் அவங்களை எழுப்பி உக்கார வைக்குது. கையில வேலை இருக்கட்டும், விட்டுடாதீங்க."

வழி முழுக்க அதையே அசைபோட்டுக்கொண்டு வந்தேன்.

பிப்ரவரி 18

21. நாலே இடத்தில்தான் இருபதுக்கு மேல்.

பிப்ரவரி 26

18. காற்று நன்றாக அடிக்கிறது. வாரத்துக்கு இரண்டு மூன்று எண் வீதம் இறங்குகிறது.

பக்கத்து வீட்டு வெல்டர் பாய்மரத்துக்கு இரும்புக் கொண்டி செய்து கொண்டுவந்தார். அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "ஒரு மணி நேரம் போதும் அண்ணே. தண்ணியில இறங்கி ஒரு மணி நேரம் என் கையில சுக்கான் இருந்தா போதும். அதுக்கு மேல நான் யாரையும் ஒண்ணும் கேக்கமாட்டேன்." வெல்டர், "ஒரு மணி நேரம் என்ன அக்கா, நாள் முழுக்கப் போங்க" என்றார்.

அவர் சாதாரணமாகத்தான் எடுத்துக்கொண்டார். எனக்கு மட்டும் அந்தப் 'போதும்' காதிலேயே நிற்கிறது. அது முடிந்ததும் என்ன செய்வாள்? எதைப் பார்க்க எழுந்து உட்காருவாள்?

மார்ச் 4

16.

மார்ச் 8

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எங்காவது எழுதியாக வேண்டும்.

காலை ஏழு மணிக்கு ஒன்பது வட்டத்தையும் குத்தினேன். 13, 14, 12, 14, 14, 13, 12, 13, 14. மறுபடி குத்தினேன். அதேதான். பெரியம்மா காய்ந்துவிட்டாள்.

சாக்பீஸை எடுத்துக் கரும்பலகையில் 17 என்று எழுதினேன்.

திட்டம் போட்டுச் செய்ததில்லை. எழுதி முடித்த பிறகுதான் என்ன எழுதினேன் என்றே பார்த்தேன். மின்சார அலுவலகத்தில் முப்பத்தொரு வருஷம் மீட்டர் ரீடர். நாய் துரத்தியபோதும் எண்ணைச் சரியாக எழுதிவிட்டுத்தான் ஓடினேன். அலுவலகத்தில் எனக்கு 'அரிச்சந்திரனுக்கு அடுத்த வீடு' என்று பெயர். என்னவோ கிண்டல்தான். ஆனால் அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது.

ஜன்னலிலிருந்து, "எவ்வளவு?" என்றாள். "எழுதியிருக்கேன் பாரு" என்றேன். வாயால் சொல்ல முடியவில்லை.

மார்ச் 9

உண்மை 13. பலகையில் 17.

"இப்படிக் காத்தடிக்குது, ஏன் இறங்கவே மாட்டேங்குது?"

"மேல காஞ்சிருக்கு. உள்ளீரம்."

"பாதகமில்ல. நீங்க பாத்தா சரியாத்தான் இருக்கும்."

இதைவிட அவள் என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம்.

மார்ச் 12

உண்மை 13. பலகையில் 16. நேர்மையாகப் பார்த்திருந்தால் இதற்குள் பூச்சு ஆரம்பித்திருப்போம். மாதக் கடைசிக்குள் ஏரியில்.

மார்ச் 15

13 / 17.

அவளைப் பார்த்தால் யாரும் நோயாளி என்று சொல்லமாட்டார்கள். மரம் காயும்வரை சும்மா இருப்பானேன் என்று படகின் பாயைக் கட்டில்மேல் விரித்துக் கிழிசல் தைக்கிறாள். இரண்டு வாய் கூடச் சாப்பிட்டாள். தையல் மெஷினுக்கு எண்ணெய் போட்டுக் கொடுக்கச் சொல்லி என்னை விரட்டினாள். என் பொய் அவள் உடம்புக்கு ஒத்துக்கொள்கிறது. டாக்டர் சொன்னது சரிதான். நான் செய்வதும் சரிதான்.

சரிதானே?

மார்ச் 21

12 / 16.

மகள் வெளியூரிலிருந்து பேசினாள். படகு இறக்குகிற நாளைச் சொன்னால் விடுப்பு எழுதிக் கொடுப்பாளாம். "உங்கப்பாவைக் கேளுடி, அவர்தான் இப்ப எல்லாம்" என்று போனை என்னிடம் நீட்டினாள். ஏப்ரலில் இருக்கும் என்றேன். "ஏப்ரல்ல எப்பப்பா?" மரம்தானே சொல்ல வேண்டும் என்றேன். மரம் வாய் திறந்தால் முதலில் என்னைத்தான் காட்டிக் கொடுக்கும்.

மார்ச் 24

இரண்டு நாளாக இருமல் அதிகம். பாய் பாதி தைத்தபடி கிடக்கிறது.

12 / 16.

மார்ச் 27

"மூணாம் நாலாம் பலகைக்கு நடுவுலதான் ஈரம் நிக்குது. ஃபேனைக் கொண்டுபோய் வைங்க" என்று உத்தரவு. மேஜை மின்விசிறியைத் தூக்கிக்கொண்டு போய், ஒயர் இழுத்து, படகுக்கு அடியில் வைத்துச் சுவிட்சைப் போட்டேன். எலும்பாய்க் காய்ந்த மரத்துக்கு விசிறி போட்டுவிட்டு அதன் எதிரே உட்கார்ந்திருந்தேன். வெல்டர் மதிலுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "பெரியம்மாவுக்குப் புழுக்கமா?" என்றார். சிரித்தேன். அவர் போன பிறகு அழுதேன். ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான்.

மார்ச் 30

இன்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

நான் கடைக்குப் போய்த் திரும்பியபோது கட்டிலில் ஆள் இல்லை. பின்கதவுப் படியில் உட்கார்ந்திருந்தாள். மூன்று படி இறங்கியிருக்கிறாள். படகுக்கு இன்னும் ஏழெட்டு அடி. உதடு நீலம் பாரித்திருந்தது. ஒரு கை படகின் பக்கம் நீண்டிருந்தது.

"நானே ஒரு தடவை பாத்துடலாம்னு..."

அதற்கு மேல் மூச்சு இல்லை. தூக்கிக்கொண்டு வந்து படுக்க வைத்தேன். என்னால் அவளைத் தூக்க முடிந்ததே, அதுதான் பயங்கரம். கல்யாணமான புதிதில் ஒருமுறை தூக்கப் பார்த்து இடுப்பு பிடித்துக்கொண்டு, ஊரே சிரித்தது.

பின்கதவில் அவளைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. எதற்கு? விழுந்துவிடுவாள் என்றா? ஊசியைக் குத்திப் பார்த்துவிடுவாள் என்றா? எது முதலில் வந்தது? அது எனக்குத் தெரியும். இங்கே எழுதமாட்டேன்.

மார்ச் 31

12.

நாளைக்குப் பலகையில் 14 என்று எழுதப் போகிறேன். நாளை மறுநாள் 13. மூன்றாம் நாள் பூச்சு. வெல்டரிடம் எபாக்சி டப்பாக்களை வெளியே எடுத்து வைக்கச் சொல்லிவிட்டேன். ஏப்ரல் பத்துக்குள் அவளைத் தண்ணீரில் கொண்டுபோய் விடுகிறேன். அப்புறம் நடப்பது நடக்கட்டும். என்னால் முடியவில்லை.

ஏப்ரல் 1

மழை.

பருவமே இல்லாத மழை. விடியும்போது பெருங்காற்றோடு பிடித்துக்கொண்டது. படகுமேல் மூடியிருந்த தார்ப்பாயின் முன்பக்கக் கயிறு அறுந்து அது சுருண்டு போய்விட்டது. நானும் வெல்டரும் மேலே ஏறிக் கட்டுவதற்குள் பெரியம்மா வயிறு நிறையக் குடித்துவிட்டாள். சாயம் சுரண்டிய வெறும் மரம். பூச்சு இருந்திருந்தால் ஒரு சொட்டு உள்ளே போயிருக்காது.

ஜன்னலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொட்டச் சொட்ட உள்ளே வந்ததும் துண்டை நீட்டி, "தலையைத் துவட்டுங்க முதல்ல. சளி பிடிச்சுக்கும்" என்றாள்.

ஏப்ரல் 3

மழை விடவில்லை. கரும்பலகையில் எழுதியது தானே அழிந்துவிடுகிறது.

ஏப்ரல் 5

இன்று பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை. 23.

ஏப்ரல் 8

24. வானிலைச் செய்தியில் இன்னும் இரண்டு வாரத்துக்கு இப்படித்தான் என்கிறார்கள். அதன் பிறகு காய ஒரு மாதம். நல்ல வெயில் இருந்தால்.

ஏப்ரல் 10

வீட்டுக்கு ஆக்சிஜன் மெஷின் வந்துவிட்டது. மூலையில் நின்று உறுமிக்கொண்டே இருக்கிறது. மூக்கில் குழாய். "எனக்கும் ஒரு மோட்டார் மாட்டிட்டாங்க. பெரியம்மாவுக்குப் பாய்மரம், எனக்கு மோட்டார்" என்றாள். பேச்சு நாலு நாலு வார்த்தையாகத்தான் வருகிறது.

டாக்டரைத் தனியாகக் கேட்டேன். மாதம் என்ற வார்த்தையை இப்போது அவர் பயன்படுத்துவதில்லை.

ஏப்ரல் 12

சொல்லிவிட்டேன்.

மத்தியானம் கண்ணை மூடியிருந்தவள் திடீரென்று, "கொடுத்து வைக்கலை. மார்ச் மாசம் மட்டும் காஞ்சிருந்தா..." என்றாள். யாரையும் குறை சொல்கிற குரல் இல்லை. வானத்தைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"காஞ்சிருந்துச்சு" என்றேன்.

கண்ணைத் திறந்தாள்.

"எட்டாம் தேதியே காஞ்சிடுச்சு. நான்தான் மாத்தி எழுதினேன். முப்பத்தொண்ணாம் தேதி வரைக்கும்."

மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டாள். பிறகு, "ஏன்?" என்றாள்.

டாக்டர் சொன்னதைச் சொன்னேன். போதும் போதும்னு நீ சொன்னது எனக்குப் பயமா இருந்துச்சு, வேலை முடிஞ்சா நீ போயிடுவேன்னு நினைச்சேன், முடியாம வச்சிருந்தா இருப்பேன்னு நினைச்சேன், எனக்கு வேற என்ன பண்றதுன்னு தெரியல— உளறினேன். ஒரு மனுஷன் தன் பெண்டாட்டிகிட்ட இப்படியா கோர்ட்டுல நிக்கிற மாதிரி நிப்பான்.

விரலை மடக்கி எண்ணினாள். முழுக்க எண்ணினாள்.

"இருபத்து நாலு நாள். அப்ப என்னால எழுந்து நிக்க முடிஞ்சுது."

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஏப்ரல் 13

பேசவில்லை.

ஏப்ரல் 14

மச்சினி வந்துவிட்டாள். அக்காவே போன் போட்டு வரச்சொல்லியிருக்கிறாள், பக்கத்தில் இருக்க. அதாவது நான் பக்கத்தில் இருக்க வேண்டாம்.

மச்சினி பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. விசில் இல்லாமலே விசில் அடிக்கிற குரல். என்னைச் சமையலறையில் பிடித்துக்கொண்டு, "என்ன அத்தான் நடந்துச்சு? அக்கா ஒண்ணும் சொல்ல மாட்டேங்குறா" என்றாள். நானும் சொல்லவில்லை. நான் சூப் வைக்கிறேன், அவள் ஊட்டுகிறாள். கிண்ணத்தை வாசற்படி வரை கொண்டுபோய்க் கொடுப்பதோடு என் எல்லை முடிகிறது.

அவளிடம் எத்தனை நாள் இருக்கிறது? அதிலும் நான் இப்படிச் செலவு வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 16

மகள் போன் செய்தாள். மச்சினி ஸ்பீக்கரில் போட்டு அக்காவின் தலையணையில் வைத்திருந்தாள். நான் சமையலறையில் தட்டு கழுவிக்கொண்டிருந்தேன். குழாயை மூடிவிட்டுக் கேட்டேன். திருட்டுத்தனம்தான்.

"ஏம்மா, மார்ச்லயே முடிஞ்சிருக்கணுமே. அப்பா சரியா கவனிக்கலையா?"

இப்போது சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். சொல்லட்டும் என்றும் நினைத்தேன்.

"மரம் காயலைடி. இந்த வருஷம் மரமே காயலை. உங்கப்பா தினம் காலையில பாத்தாரு. ஒருநாள் விடலை."

என்னிடம் ஒரு வார்த்தை பேசாதவள், மூச்சைப் பிடித்துப் பிடித்து, எனக்காக இவ்வளவையும் பேசினாள். தட்டை அப்படியே போட்டுவிட்டு வெளியே போய்விட்டேன்.

ஏப்ரல் 18

கூப்பிட்டாள். மச்சினி வந்து, "அத்தான், அக்கா உள்ள வரச்சொல்றா" என்றாள். தலைமை ஆசிரியர் அறைக்குப் போகிற பையனாகப் போனேன்.

என் முகத்தைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள்.

"பூசாம இறக்குங்க."

"ஈரமா இருக்கே."

"எங்கப்பா காலத்துல எபாக்சியைக் கண்டாங்களா? தண்ணியில போட்டா பலகை ஊறி உப்பும். இடுக்கு தானா மூடிக்கும். ரெண்டு நாள் ஒழுகும். வாரி ஊத்திட்டே இருக்கணும்."

அப்படியானால் முதலிலேயே ஏன்— நான் கேட்கவில்லை, ஆனால் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"எனக்கு அப்புறமும் இருக்கணும்னு பாத்தேன். பொண்ணுக்கு. பேரப்பிள்ளைங்களுக்கு. அதான் பூச்சு." மூச்சு வாங்கினாள். "இப்ப ஒரு மணி நேரம் தாங்கினா போதும்."

ஏப்ரல் 20

மழை ஓய்ந்தது. வெல்டர் ஒரு டிராக்டரும் டிரெய்லரும் ஏற்பாடு செய்தார். பெரியம்மாவைத் தூக்கி ஏற்றியபோது அவள் முனகிய முனகலில் தெருவே வெளியே வந்துவிட்டது. ஏரிப் படித்துறையில் இறக்கிக் கட்டினோம். அரைமணியில் முழங்கால் வரை தண்ணீர். நானும் வெல்டரும் முறை வைத்து வாரினோம். மச்சினி அக்காவுக்குப் பக்கத்தில்.

ஏப்ரல் 22

சொன்னபடியே ஆயிற்று. ஒழுக்கு கசிவாகிவிட்டது. மணிக்கு ஒரு வாளி.

ஏப்ரல் 23

மருத்துவமனையில் சிறிய ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்று கொடுத்தார்கள். இரண்டரை மணி நேரம் வரும். வெல்டரின் வேனில் அவளைப் படுக்க வைத்துப் படித்துறைக்குக் கொண்டுபோனோம். காலை ஒன்பதரை. மிதமான காற்று. அவள் தைத்த பாய். பாதியை மச்சினி தைத்து முடித்திருந்தாள்.

சக்கர நாற்காலியைத் தண்ணீர் ஓரம் வரை தள்ளினோம். வெல்டரும் நானும் இரண்டு பக்கமும் பிடித்து எழுப்பினோம். நின்றாள். படகு அலையில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. விளிம்பு இடுப்பு உயரம். ஒரு காலைத் தூக்கப் பார்த்தாள். தூக்கிக்கொண்டு போய் உள்ளே உட்கார வைக்கிறேன் என்றார் வெல்டர். அதற்குள்ளேயே அவள் கழுத்து நரம்பெல்லாம் புடைத்துவிட்டது. இருமல் வந்தது. இருமலோடு ரத்தமும் வந்தது, கொஞ்சம்தான்.

"முடியாது. உக்கார வைங்க" என்றாள். மச்சினி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மூச்சு ஒரு நிலைக்கு வந்த பிறகு, தங்கையிடம், "நீ சுக்கான் பிடி" என்றாள். பிறகு பதினோரு நாளில் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தாள்.

"நீங்க ஏறுங்க."

"எனக்கு நீச்சல்..."

"தெரியும். ஏறுங்க. ஒரு மணி நேரம். அதுக்கு முன்னால திரும்பக்கூடாது."

ஏறினேன். அவள் உட்கார வேண்டிய பலகையில் உட்கார்ந்தேன். விளிம்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்ததைப் பார்த்து மச்சினி, "கண்ணை மூடாதீங்க அத்தான், மூடினா இன்னும் மோசம்" என்றாள். கயிற்றை வெல்டர் அவிழ்த்துவிட்டார்.

கரை நகர்ந்தது. நாற்காலி சின்னதாகிக்கொண்டே போயிற்று. அவள் கையசைக்கவில்லை. காற்று திரும்பிப் படகு சாய்ந்தபோது மட்டும், அவ்வளவு தூரத்திலிருந்தும், கையை நீட்டி இந்தப் பக்கம், இந்தப் பக்கம் என்று காட்டினாள். நான் நகர்ந்து உட்கார்ந்தேன். நிமிர்ந்தது.

மச்சினி கடிகாரம் பார்த்து, ஒரு மணி நேரம் ஆன பிறகுதான் திருப்பினாள். கரையில் இறங்கினேன். நாற்காலிக்குப் பக்கத்தில் ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"எப்படி இருந்துச்சு?" என்றாள்.

"நல்லா..."

"மாத்தாம சொல்லுங்க. உள்ளதை உள்ளபடி."

சொன்னேன். முதல் கால்மணி வாந்தி வருவதுபோல இருந்தது என்பதிலிருந்து. பாய் முதலில் படபடவென்று அடித்துக்கொண்டது. பிறகு வயிறு நிறைந்தாற்போல் உப்பி அமைதியானது. பலகைக்கு அடியில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்கவில்லை, தொடையில் தெரிந்தது. நடு ஏரியில் தண்ணீரின் நிறமே வேறு. அங்கே காற்றில் வேறு வாசனை, குளிர்ந்த இரும்பு வாசனை. ஒரு இடத்தில் எல்லாச் சத்தமும் நின்று, படகு போகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. திரும்பிப் பார்த்தால் பின்னால் நீளமாகக் கோடு. அப்போது எனக்குப் பயமே இல்லை, அது ஏனென்று புரியவில்லை என்றும் சொன்னேன்.

கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் நிறுத்தியதும், "அந்த இடம் இன்னும் அப்படியேதான் இருக்கு" என்றாள்.

ஏப்ரல் 26

இரண்டு நாளாக என்னைப் பக்கத்தில் இருக்கச் சொல்கிறாள். கண் விழிக்கும்போதெல்லாம், "சொல்லுங்க" என்பாள். ஏரியை முதலிலிருந்து சொல்வேன். ஒரு வார்த்தை கூட்டுவதில்லை, குறைப்பதில்லை. நடுவில் எதையாவது விட்டுவிட்டால், "அந்தக் கோடு?" என்று கேட்பாள்.

மன்னித்தாயா என்று கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்ல அவள் மூச்சைச் செலவு செய்ய வேண்டும்.

ஏப்ரல் 27

மகளுக்கு நாளை மத்தியானம் ரயில். மறுநாள் காலையில் வந்துவிடுவாள்.

மத்தியானம் என்னைப் பால் வாங்கி வர அனுப்பினாள். வீட்டில் பால் இருந்தது. இருந்தாலும் போனேன். திரும்பி வந்தபோது யாரோடோ போனில் பேசி முடித்த களைப்பில் இருந்தாள்.

ஏப்ரல் 28

காலை பத்தே கால்.

மே 6

வந்தவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். மகள் மட்டும் இன்னும் மூன்று நாள் இருப்பாள். மச்சினியும் இருக்கிறாள். சாயங்காலம் மூன்று பேரும் பின்வாசல் படியில் உட்கார்ந்து டீ குடித்தோம். முற்றத்தில் கான்கிரீட் கட்டைகள் மட்டும்.

மகள் ஒரு நாள் பிந்தி வந்ததை நினைத்து நினைத்து அழுதவள். இன்று அழவில்லை. டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே, "எனக்கு ஒரே ஒரு ஆறுதல்தான்பா" என்றாள்.

"என்னம்மா?"

"அம்மா நினைச்சதைச் செஞ்சுட்டாங்க. கடைசியா பேசினப்ப அரைமணி நேரம் அதையேதான் சொன்னாங்க. எவ்வளவு மூச்சு வாங்குச்சு, நிறுத்தும்மான்னு சொன்னாலும் கேக்கலை. பாய் முதல்ல படபடன்னு அடிச்சுச்சாம், அப்புறம் அப்படியே உப்பி அமைதியாயிடுச்சாம். பலகைக்கு அடியில தண்ணி ஓடுறது தொடையில தெரிஞ்சுச்சாம். நடு ஏரியில ஒரு இடத்துல சத்தமே இல்லையாம். திரும்பிப் பாத்தா பின்னால நீளமா ஒரு கோடாம். அப்ப பயமே போயிடுச்சுடின்னு சொன்னாங்க. அம்மாவுக்குத் தண்ணின்னா என்ன பயம்னு அப்பவே நினைச்சேன்."

மச்சினி என்னைப் பார்த்தாள். பிறகு டம்ளர்களை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"நீங்களும் கூடப் போனீங்களாமே. உங்கப்பா ஏறுவாருன்னு நான் நினைக்கவே இல்லைன்னு சொன்னாங்க. ஒரு மணி நேரமும் பக்கத்துலயே இருந்தாராம்."

வாய் வரை வந்தது. மார்ச் எட்டாம் தேதியிலிருந்து ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு எண்ணும். இந்த நோட்டு உள்ளே மேஜைமேல்தான் இருக்கிறது. எடுத்து அவள் மடியில் வைத்துவிடலாம்.

மகள் என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். "அன்னைக்குக் காத்து நல்லா இருந்துச்சாப்பா?"

"இருந்துச்சும்மா" என்றேன். "மிதமான காத்து."